2¹²⁸ + 1-ஐப் பழைய லேப்டாப்பில் உடைத்த பதிவு

340282366920938463463374607431768211457.

39 இலக்கம். சுருக்கி எழுதினால் 2¹²⁸ + 1. நேற்று இரவு இது என் லேப்டாப்பில் இரண்டாவது வழியிலும் காரணிகளாக உடைந்தது. 59649589127497217 என்று 17 இலக்கத்தில் ஒரு துண்டு, 5704689200685129054721 என்று 22 இலக்கத்தில் இன்னொரு துண்டு. இரண்டும் பகா எண்கள். இதற்கு மேல் உடைய எதுவும் இல்லை.

விடை புதிதல்ல, 1970 முதல் உலகத்துக்குத் தெரிந்ததுதான். பாரி-ஜிபி போன்ற கணித மென்பொருளில் ஒரு வரி அடித்தால் ஒரு நொடிக்குள் சொல்லிவிடும். எனக்கு வேண்டியது வேறு. நானே எழுதிய நிரலில், ஒவ்வொரு அடியும் ஏன் என்று தெரிந்து, அந்த 17 இலக்க எண் திரையில் வந்து விழ வேண்டும். அதற்காகச் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு உட்காரப் போகிற யாருக்காவது உதவும்.

முன்கதை கொஞ்சம் தேவை. 2-இன் அடுக்கில் இன்னொரு 2-இன் அடுக்கைப் போட்டு 1 கூட்டினால் வருபவை பெர்மா எண்கள்: 3, 5, 17, 257, 65537. இந்த ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுக்கவே அப்படித்தான் என்று 1640 வாக்கில் பெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அடுத்த எண்ணான 4294967297-ஐ 641-ஆல் வகுத்துக் காட்டினார். வரிசையை 0-இலிருந்து எண்ணுவது வழக்கம் என்பதால் ஆய்லர் உடைத்தது பெர்மா-5, நான் எடுத்தது பெர்மா-7. இது பகா எண் அல்ல என்று 1905-இல் மோர்ஹெட், வெஸ்டர்ன் இருவரும் தனித்தனியே காட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு காரணிகூட யாருக்கும் தெரியாது. 65 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. உடையும் என்று உறுதியாகத் தெரிந்தும் எங்கே உடையும் என்று தெரியாத எண் என்பதுதான் என்னை இதன் பக்கம் இழுத்தது.

கருவிகள்: இரண்டு கோர் உள்ள, 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய லேப்டாப், அதில் பைத்தான். சுவர் பிளக்கில் செருகி மின்சாரம் அளக்கும் வாட் மீட்டர் ஒன்று. கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஆரம்பிக்கும் முன் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, ஃபேன் தூசியைத் துடைத்து, பிராசஸருக்குப் புதிதாக தெர்மல் பேஸ்ட் வைத்தேன். செலவு 180 ரூபாய். மணிக்கணக்கில் ஒரு கோர் முழுவேகத்தில் ஓடப்போகிறது என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது, சூடேறினால் வேகம் தானாகவே குறைந்துவிடும். சும்மா இருக்கும்போது மீட்டர் 14 வாட் காட்டியது, ஒரு கோர் ஓடும்போது 31 வாட்.

முதலில் இது பகு எண்தான் என்று நானே பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமான சுலபச் சோதனை, 2-ஐ (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்து மீதி பார்ப்பது. மீதி 1 அல்ல என்றால் பகு எண். இங்கே மீதி 1 என்றே வரும், அதாவது பகா எண் போலவே காட்டும். காரணத்தை நோட்டில் இரண்டு வரியில் போட்டுவிடலாம். 2¹²⁸-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி −1. அதை வர்க்கமாக்கினால் 2²⁵⁶-க்கு மீதி 1. எண் − 1 என்பது 2¹²⁸, அது 256-இன் மடங்கு. ஆகவே மீதி 1-ஐத் தவிர வேறெதுவும் வர வழியில்லை. பெர்மா எண்கள் எல்லாமே இந்தச் சோதனையில் இப்படித் தேறிவிடும். இந்த எண்ணிடம் 2-ஐ வைத்து எதையும் கேட்கக் கூடாது என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

சரியான சோதனை பெபினுடையது. 3-ஐ எடுத்து, 127 தடவை வர்க்கமாக்கி, ஒவ்வொரு தடவையும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் −1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். கணினியில் இது ஒரே வரி, உடனே பகு எண் என்று வந்தது. 1905-இல் இதைக் கையால் போட்டார்கள். 39 இலக்க எண்ணை 127 தடவை வர்க்கமாக்குவது! ஒரு வசதி உண்டு: 2¹²⁸ + 1-ஆல் வகுக்க நிஜமான வகுத்தலே வேண்டாம், இரும வடிவத்தில் கீழ் 128 பிட்டிலிருந்து மேல் பகுதியைக் கழித்தால் போதும். பைத்தானில் இந்த வித்தையால் பெரிய லாபம் தெரியவில்லை, சாதாரண வகுத்தலையே வைத்துக்கொண்டேன்.

அடுத்து நேரடி வகுத்தல். இதில் ஒரு சலுகை இருக்கிறது. பெர்மா-7-இன் எந்தப் பகாக் காரணியும் 512 × க + 1 என்ற வடிவில்தான் இருக்கும். ஆய்லர் 256 வரை காட்டியதை லூகாஸ் 512 ஆக்கினார். ஆகவே 513, 1025, 1537 என்று 512 இடைவெளியில் தாவித் தாவிப் போகலாம். என் நிரல் நொடிக்குச் சுமார் 40 லட்சம் எண்களைப் பார்த்தது. இரவு போட்டுவிட்டுக் காலையில் வந்து பார்த்தபோது க-வின் மதிப்பு ஏறத்தாழ 11,500 கோடி, காரணி எதுவும் இல்லை. மின்சாரம் கால் யூனிட்.

இப்போது விடை கையில் இருப்பதால் கணக்குப் போட முடிகிறது. 17 இலக்கக் காரணிக்கு க = 116503103764643. அதே வேகத்தில் போனால் இன்னும் ஆயிரம் இரவு. 3, 5, 7-இன் மடங்குகளைத் தவிர்த்தால் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக மிச்சமாகும், அவ்வளவுதான். அடுத்த முறை க ஒரு கோடியைத் தொட்டதும் நிறுத்திவிட்டு வேறு வழிக்குப் போவேன். தாவும் இடைவெளியை மாற்றினால் இதே நிரல் பெர்மா-6-இல் 274177-ஐயும் பெர்மா-9-இல் 2424833-ஐயும் கொடுத்துவிடுகிறது என்பதால் எழுதியது வீணாகவில்லை.

அப்புறம் போலார்டின் பி−1 முறை, 1974-இல் வந்தது. மறைந்திருக்கும் பகாக் காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் எண் சின்னச் சின்னக் காரணிகளாகவே உடையுமானால் அந்தப் பகா எண் சிக்கிவிடும். செய்முறை எளிது. ஓர் அடிமானத்தை எடுத்து, சிறிய பகா எண்கள் எல்லாவற்றாலும் வரிசையாக அடுக்கேற்றி, கடைசியில் 1-ஐக் கழித்து, எண்ணோடு மீ.பொ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) பார்க்க வேண்டும். நம் காரணிகளிலிருந்து 1-ஐக் கழித்தால் 512-ஆல் வகுபடும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால் நல்ல நம்பிக்கையோடுதான் ஆரம்பித்தேன். புத்தகங்களில் அடிமானம் 2 என்று போட்டிருப்பார்கள்; இங்கே அதைப் போட்டால் மீ.பொ.கா. ஆக முழு எண்ணே திரும்பி வரும், காரணம் மேலே சொன்ன 2²⁵⁶ விவகாரம்தான். 3 போட வேண்டும்.

3 போட்டு 10 லட்சம் வரையுள்ள பகா எண்களை ஏற்றினேன். மீ.பொ.கா. 1. பத்துக் கோடி வரை போனேன், 1. நூறு கோடி வரை ஏற்ற அரை மணி நேரத்துக்குமேல் ஆனது, அப்போதும் 1. ஏன் என்பதை விடை வந்த பிறகு பிரித்துப் பார்த்தேன். 17 இலக்கக் காரணியில் 1-ஐக் கழித்தால் 512 × 116503103764643. அந்த இரண்டாவது எண் ஒரு பகா எண்! 512-ஐத் தவிர ஒன்றுமே உடையவில்லை. 22 இலக்கக் காரணி கொஞ்சம் பரவாயில்லை: 2⁹ × 3⁵ × 5 × 12497 × 733803839347. கடைசியில் நிற்கும் அந்த 12 இலக்க எண் வழியை அடைத்துவிடுகிறது. இரண்டில் ஒன்றாவது இந்த முறைக்கு இடம் கொடுத்திருக்கலாம், இரண்டுமே கொடுக்கவில்லை. பி−1 முறையை ஓட்டும்போது இது முன்கூட்டித் தெரியவே தெரியாது. எல்லை ஒன்றை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டினால் விட்டுவிட வேண்டியதுதான்.

மூன்றாவது, அதே போலார்டின் ரோ முறை, 1975. முதலில் வேலை செய்தது இதுதான். ஓர் எண்ணை எடுத்து, வர்க்கமாக்கி, 1 கூட்டி, பெர்மா-7-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள். அதையே திரும்பத் திரும்பச் செய். இந்த வரிசை நமக்குத் தாறுமாறாகத் தெரிந்தாலும், மறைந்திருக்கும் காரணியால் வகுத்துப் பார்த்தால் எங்கோ ஓரிடத்தில் தன் பழைய தடத்திலேயே வந்து சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். அப்படிச் சேர்ந்த இரண்டு உறுப்புகளின் வித்தியாசத்தில் அந்தக் காரணி ஒளிந்திருக்கும், மீ.பொ.கா. அதை வெளியே இழுத்துவிடும். தேவைப்படும் அடிகள் காரணியின் வர்க்கமூலத்தை ஒட்டி அமையும். 17 இலக்கக் காரணியின் வர்க்கமூலம் ஏறத்தாழ 24.4 கோடி. நேரடி வகுத்தலின் ஆயிரம் இரவு எங்கே, இது எங்கே.

நிரலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு அடிக்கும் மீ.பொ.கா. பார்த்தால் நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். ஆயிரம் வித்தியாசங்களை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே வந்து, ஆயிரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். இரண்டாவது, வரிசையைச் சேமித்து வைக்க வேண்டாம். ரிச்சர்ட் பிரெண்ட் என்ற கணிதவியலாளர் சொன்னபடி 1, 2, 4, 8 என்று இரட்டிப்பு இடங்களில் மட்டும் ஓர் உறுப்பை நினைவில் வைத்து அதனோடு ஒப்பிட்டால் போதும். என் லேப்டாப் நொடிக்குச் சுமார் 8 லட்சம் அடி எடுத்தது. கால் மணி நேரம் தாண்டியதும் திரையில் 59649589127497217 வந்தது. மின்சாரம் ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் 512 × க + 1 என்ற தகவலை இன்னும் பயன்படுத்தவில்லையே என்று இருந்தது. 1980-இல் ரிச்சர்ட் பிரெண்டும் ஜான் போலார்டும் பெர்மா-8-ஐ உடைத்தபோது செய்த மாற்றம் இதைத்தான் பயன்படுத்துகிறது. வர்க்கமாக்கி 1 கூட்டுவதற்குப் பதில் 512-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 1 கூட்ட வேண்டும். 512-ஆம் அடுக்கு என்றால் ஒன்பது தடவை வர்க்கமாக்குவது, ஓர் அடிக்கு ஒன்பது மடங்கு வேலை. ஆனால் காரணியிலிருந்து 1-ஐக் கழித்தது 512-ஆல் வகுபடுவதால் வரிசை விழக்கூடிய இடங்கள் சுருங்கிவிடுகின்றன. தேவையான அடிகள் 511-இன் வர்க்கமூலம், அதாவது இருபத்திரண்டு மடங்குக்கு மேல் குறைகின்றன. ஒன்பது கொடுத்து இருபத்திரண்டு வாங்குகிறோம். போதாததற்கு வித்தியாசங்களைப் பெருக்கும் வேலையும் அடிக்கு ஒன்றாகவே நிற்கிறது. வெவ்வேறு தொடக்க எண் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். தொடக்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கினாலும், பெரும்பாலும் ஓரிரண்டு நிமிடத்தில் காரணி வந்துவிடுகிறது. நிரலில் மாற்றியது ஒரே ஒரு வரி.

அதே நிரலில் 512-ஐ 1024 ஆக்கி பெர்மா-8-ஐக் கொடுத்தேன். அது 78 இலக்க எண், பெர்மா-7-ஐப் போல இரண்டு மடங்கு நீளம். அரை நிமிடத்துக்குள் 1238926361552897 என்று 16 இலக்கத்தில் காரணி வந்தது. இரண்டு மடங்கு நீளமான எண் எத்தனையோ சுலபமாக உடைந்துவிட்டது! ரோ முறைக்கு எண்ணின் நீளம் ஒரு பொருட்டே இல்லை, உள்ளே இருக்கும் சின்னக் காரணியின் நீளம்தான் கணக்கு. இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். ஆனாலும் அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நோட்டில் எழுதியபோதுதான் அது முழுசாக மனதில் ஏறியது. 1980-இல் பிரெண்ட், போலார்ட் இருவருக்கும் யுனிவாக் 1100/42 கணினியில் இரண்டு மணி நேரம் பிடித்த வேலை இது.

அப்படியானால் 1970-இல், ரோ முறை வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பு, பெர்மா-7-ஐ எப்படி உடைத்தார்கள்? மைக்கேல் மாரிசனும் ஜான் பிரில்ஹார்ட்டும் ஐபிஎம் 360/91 இயந்திரத்தில் தொடர் பின்ன முறையில் உடைத்தார்கள், ஏறத்தாழ ஒன்றரை மணி நேர இயந்திர ஓட்டத்தில். முறையின் கரு லேமரும் பவர்ஸும் 1931-இல் எழுதியது. இதையும் கட்டிப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. நிஜமாகவே உழைக்க வைத்தது இந்தப் பகுதிதான்.

கருத்து இது. எண்ணின் வர்க்கமூலத்தைத் தொடர் பின்னமாக விரித்தால், ஒவ்வொரு படியிலும் ஒரு பெரிய எண் கிடைக்கும். அதன் வர்க்கத்தை நம் எண்ணால் வகுத்தால் மீதி சின்னதாக, எண்ணில் பாதி இலக்கம்தான் இருக்கும். அந்த மீதிகளில் சிறிய பகா எண்களாகவே உடையக்கூடியவற்றை மட்டும் சலித்து எடுத்து, சிலவற்றைச் சேர்த்துப் பெருக்கி, பெருக்கல் பலன் முழு வர்க்கமாக வருமாறு செய்தால், இரண்டு வர்க்கங்களுக்கு ஒரே மீதி. அந்த வர்க்கங்களின் மூலங்களுக்கு இடையிலான வித்தியாசத்துக்கும் எண்ணுக்கும் மீ.பொ.கா. பார்த்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் காரணி.

நேராக √(2¹²⁸ + 1)-ஐ விரித்தால் என்ன வரும் தெரியுமா? முதல் உறுப்பு 18446744073709551616. அடுத்தது 36893488147419103232. அதற்கடுத்தும் 36893488147419103232. அதற்கடுத்தும் அதேதான். சின்ன மீதிகள் எல்லாமே 1. நம் எண் (2⁶⁴)² + 1; ஒரு முழு வர்க்கத்தைவிட ஒன்று மட்டும் அதிகமான எண்ணின் வர்க்கமூலம் இப்படி ஒரே உறுப்பில் சுழன்றுகொண்டே இருக்கும். எத்தனை கோடி படி போனாலும் ஒரு தகவலும் தராது. தொடர் பின்ன முறைக்கு இதைவிட மோசமான எண் இருக்க முடியாது, அப்படியும் அந்த முறையில்தான் அது உடைந்தது.

தப்பிக்க வழி, எண்ணை ஒரு சின்ன எண்ணால் பெருக்கிவிட்டு அதன் வர்க்கமூலத்தை விரிப்பது. மாரிசன், பிரில்ஹார்ட் எடுத்த பெருக்கி 257. ஏன் 257 என்று நோட்டில் போட்டுப் பார்த்தேன், அந்தப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்த பக்கமாகிவிட்டது. ஒரு பகா எண் அந்த மீதிகளை வகுக்க வேண்டுமானால், பெருக்கிய எண்ணை அந்தப் பகா எண்ணால் வகுத்து வரும் மீதி ஒரு வர்க்க மீதியாக, அதாவது ஏதோ ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை அதே பகா எண்ணால் வகுத்தாலும் வரும் மீதியாக, இருக்க வேண்டும். பெர்மா-7-ஐ 3, 5, 7-ஆல் வகுத்தால் மீதி 2, 2, 5. மூன்றும் அங்கே வர்க்க மீதிகள் அல்ல. பெருக்கி இல்லாவிட்டால் மிகச் சிறிய மூன்று ஒற்றைப்படைப் பகா எண்களும் வெளியே நிற்கும். 257-ஐ அதே மூன்றால் வகுத்தால் மீதி 2, 2, 5! பெருக்கினால் 4, 4, 25, எல்லாமே முழு வர்க்கங்கள். 11-க்கு 4 × 4, 13-க்கு 10 × 10, 17-க்கு 2 × 2. ஆக 3, 5, 7, 11, 13, 17 ஆறும் உள்ளே. 19, 23, 29 மூன்றும் வெளியே போகின்றன, 31 மறுபடி உள்ளே. சிறிய பகா எண்கள் இத்தனை உள்ளே இருந்தால் மீதிகள் சுலபமாக உடையும்.

16 ஆயிரம் வரையுள்ள பகா எண்களில் இப்படித் தகுதி பெற்றவை சுமார் 900. பெருக்கிய எண்ணின் மீதிகள் பெரும்பாலும் 20, 21 இலக்கத்தில் வந்தன. அவற்றில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் முழுக்க உடைந்தது. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடியதும் வேண்டிய அளவு சேர்ந்துவிட்டது. வர்க்கமூலத்துக்கு மிதவைப் புள்ளிக் கணக்கைத் தொடவே கூடாது, பைத்தானின் முழு எண் வர்க்கமூலச் சார்பை மட்டும் பயன்படுத்த வேண்டும். 41 இலக்கத்தில் மிதவைப் புள்ளி கடைசி இலக்கங்களை விட்டுவிடும், பின்னால் எல்லாம் கெட்டுப்போகும். ஒவ்வொரு படியிலும் வர்க்கத்தையும் மீதியையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஒரு வரியை நிரலிலேயே வைத்துவிட்டேன். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் அது இருக்கட்டும்.

எவற்றைச் சேர்த்துப் பெருக்கினால் முழு வர்க்கம் என்று கண்டுபிடிக்க ஓர் அட்டவணை. வரிசைக்கு ஒரு மீதி, பத்திக்கு ஒரு பகா எண், அடுக்கு ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. ஒவ்வொரு வரிசையையும் பைத்தானின் ஒரே பெரிய முழு எண்ணாக வைத்து, பிட்டுக்குப் பிட்டு எக்ஸார் (இரண்டும் ஒன்றென்றால் 0, வேறென்றால் 1) செய்து சுருக்கினால் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. மீதிகள் மாறி மாறி மிகை, குறை என்று வருவதால் குறிக்கும் ஒரு பத்தி வைப்பது வழக்கம். பெர்மா-7-க்கு அது தேவையே இல்லை. (2⁶⁴)² இங்கே −1-க்குச் சமம், அதாவது −1 என்பதே ஒரு முழு வர்க்கம். 2-க்கான பத்தியும் வேண்டாம்: 2⁹⁶ − 2³²-ஐ வர்க்கமாக்கினால் 2¹⁹² − 2 × 2¹²⁸ + 2⁶⁴, 2¹²⁸-க்குப் பதில் −1 போட்டால் −2⁶⁴ + 2 + 2⁶⁴, எஞ்சுவது 2. பகா எண் சோதனையிலும் பி−1 முறையிலும் குறுக்கே நின்ற அதே 2, இங்கே இரண்டு பத்திகளை மிச்சமாக்கிக் கொடுத்தது.

முதலில் கிடைத்த சேர்க்கைகள் மீ.பொ.கா. 1 என்றும் முழு எண் என்றும் கொடுத்தன. அது எதிர்பார்த்ததுதான், அடுத்த சேர்க்கையை எடுத்தால் சரி. அப்படித்தான் நேற்று இரவு 59649589127497217 மறுபடி வந்தது. ரோ முறையில் அது எங்கே இருந்து குதித்தது என்று கைகாட்ட முடியாது. இங்கே எந்தெந்த மீதிகள் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது.

கிடைத்த இரண்டும் பகா எண்கள்தானா? பி−1 முறையைத் தோற்கடித்த அதே பிரிவுகள் இங்கே கைகொடுத்தன. ஓர் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்ததன் காரணிகள் முழுக்கத் தெரிந்தால் அந்த எண் பகா எண் என்று ஐயமறக் காட்டிவிடலாம். 116503103764643 பகா எண்ணா என்று பார்க்க ஒரு கோடியே எட்டு லட்சம் வரை வகுத்தால் போதும், 733803839347-க்கு எட்டரை லட்சம் தாண்டினால் போதும். இரண்டும் நொடிக் கணக்கு.

கடைசியாகக் கணினியை மூடி வைத்துவிட்டு நோட்டில் பெருக்கிப் பார்த்தேன். 17 இலக்கத்தை 22 இலக்கத்தால் பெருக்க 374 சிறு பெருக்கல்கள், கட்டத்துக்கு ஓர் இலக்கம். கூட்டுவதற்கு முன் ஒன்பதால் சரிபார்த்துக்கொண்டேன். முதல் காரணியின் இலக்கக் கூட்டல் 95, ஒன்பதால் வகுத்தால் மீதி 5. இரண்டாவதற்கு 91, மீதி 1. பெர்மா-7-க்கு 167, மீதி 5. சரி. பதினொன்றாலும் பார்த்தேன்: காரணிகளுக்கு மீதி 2, 2, எண்ணுக்கு 4. அதுவும் சரி. பிறகு வலது ஓரத்திலிருந்து 7, 5, 4 என்று இலக்கம் இலக்கமாக இறங்கி வந்து இடது ஓரத்தில் 3-இல் முடிந்தது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை. நீண்ட ஓட்டங்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். பேட்டரி பலவீனமான லேப்டாப்பில் கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். தொடர் பின்ன முறையில் ஒரு பெரிய பகா எண் மட்டும் மிஞ்சும் மீதிகளைத் தூக்கி எறியாமல், அதே எண் மிஞ்சும் இரண்டைச் சேர்த்துக்கொண்டால் அறுவடை கூடும். ரோ நிரலை சி மொழியில் எழுதினால் வேகம் பலமடங்காகும். பெர்மா-9 எனக்கு எட்டாது. 2424833-ஐ எடுத்த பிறகு நிற்பது 148 இலக்கம், அதன் சிறிய காரணியே 49 இலக்கம். 1990-இல் லென்ஸ்ட்ரா சகோதரர்கள், மனாசி, போலார்ட் சேர்ந்து எண் புலச் சல்லடை என்ற முறையால் உடைத்தது அது.

பெர்மா-8-ஐ ரோ முறையின் தயவு இல்லாமல், 16 இலக்கக் காரணி என்ற சலுகையைத் தொடாமல், இருபடிச் சல்லடை என்ற முறையில் உடைப்பது அடுத்த வேலை. 257-ஐ அதற்கும் போட்டுப் பார்த்தேன், 3, 5, 7 உள்ளே வருகின்றன, 11 வெளியே போகிறது. அதைவிட நல்ல பெருக்கி இருக்கிறதா என்று தேடும் நிரல் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.